அடிக்காத அப்பா

அந்தக் கலைக் கல்லூரியில் சேர, பட்ட கஷ்டங்களைப் பற்றி இப்போது கட்டுரை எழுத வேண்டியதில்லை. மாணவரின் நினைவுகளையே திறந்து பார்க்கிறார்கள்.

"உங்க பொண்ணு கஷ்டமே பட்டதில்லையே சார், சீட்டு கிடைக்காதே," என்று சேர்க்கை ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். மகள் இளவெயினியும் கெஞ்சவே, அவளுக்குள் ஒரு பொய் நினைவைப் பதிக்கத் தணிகாசலம் சம்மதித்தார்: குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா.

இடம் கிடைத்தது. விடுதி வாசலில் விடைபெறும்போது அவள் தலையை வருடக் கையைத் தூக்கினார். அவள் முகத்தை மறைத்துக்கொண்டு குறுகினாள்.

"பொய்னு தெரியும்ப்பா," என்று அழுதாள். "ஆனா பயமா இருக்கு."

"எடுத்துரச் சொல்லவாம்மா?"

"எடுத்தா சீட்டு போயிரும்ப்பா."

தணிகாசலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேளைக்குச் சாப்பிடும்மா" என்று தள்ளி நின்றே சொன்னார்.