இலக்குத்தாள்

வெளிநாட்டில் அவர்கள் குடியேறிய ஊரின் பெரிய கடையில், தள்ளுவண்டியிலிருந்த பாண் ரொட்டிக்கு மேலே கணவன் குகதாசன் தோட்டாப் பெட்டிகளை அடுக்கியதும் தவராஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சும்மா சுட்டுப் பழகத்தானப்பா. இஞ்சதான் மலிவு.”

“ஊரில என்ர அண்ணாவைச் சுட்டவனும் பழகிப்போட்டுத்தான் வந்தவன்.”

நசுங்கிய பாணை இழுத்தெடுத்தாள். பெட்டிகளோடு இலவசமாகக் கொடுத்த இலக்குத்தாளைக் காசாளரின் மேசையில் விரித்தாள். அதில் முகமில்லாத ஒரு மனித உருவம் நின்றது. பின்னால் வரிசை நீண்டது.

“ஆக்கள் பாக்கினம்,” என்று அவன் பல்லைக் கடித்தான்.

“பாக்கட்டும். அண்ணாக்குப் பட்ட இடம் எதெண்டு இதில தொட்டுக் காட்டுங்கோ. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினது நீங்கள்தானே?”

அவன் கை தாளுக்குப் போகவில்லை. அது தானாகவே எழுந்து அவனுடைய கழுத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டது.