சோறு போட்ட வீடுகள்

அந்தக் கையைப் பிடிக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிடித்தாள். மேடைக்குப் பக்கத்தில், இத்தனை பேர் பார்க்கையில், வேறென்ன செய்ய?

உப்பளக் கூலிப் போராட்டத்தில் பாட ஆரம்பித்து நாற்பது வருஷம். அதற்குத்தான் இன்று பாராட்டு விழா. விருந்தாளியாக வந்து நிற்கிறவர் அந்நாளைய உளவுப் போலீஸ் ஏட்டு. கூட்டத்தின் ஓரத்தில் நின்று அவள் பாட்டையெல்லாம் எழுதிக்கொண்டு போனவர்.

தூ! எவன் அழைத்தானோ.

ரெய்டுக்குப் பயந்து பாட்டுக் குழு தன் நோட்டுகளை அன்றே அடுப்பில் போட்டுவிட்டது. மிஞ்சியது இவருடைய நோட்டு மட்டும்.

"ஒரு வரி விடலம்மா" என்று பல்லெல்லாம் தெரிய நீட்டினார்.

பரிசாம்.

வாங்கினாள். வெட்கக்கேடு, அது அவளுக்கு வேண்டியிருந்தது. முதல் பாட்டின் கடைசி வரிகள் மறந்துபோயிருந்தன. இன்னும் சற்று நேரத்தில் பாட வேண்டும்.

பிரித்தாள். மணி மணியான கையெழுத்து.

பிச்சம்மா வீட்டுக் கஞ்சி.

அந்தோணியா வீட்டுக் கருவாடு.

குழுவுக்கு அன்றைக்குச் சோறு போட்ட வீடுகளைப் பேர் சொல்லிப் பாடாமல் அவர்கள் எந்தப் பாட்டையும் முடித்ததில்லை. அப்படியொரு வழக்கம்.

ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். பாடிய நாளுக்கு மறுநாள் தேதி.

அந்த வீடுகளில்தான் தலைமறைவானவர்கள் ஒளிந்திருந்தார்கள். பதினோரு வீட்டுக் கதவையும் போலீஸ் உடைத்தது. பிச்சம்மாவின் மகன் லாக்கப்பில் செத்தான்.

காட்டிக்கொடுத்தது கூடப் போராடிய உத்தண்டு என்றார்கள். உப்பளத்துக் கணக்கப்பிள்ளையோடு டீ குடித்தானாம். நடுத்தெருவில் அவன் முகத்தில் காறித் துப்பியவள் அவள்தான். ஊரைவிட்டுப் போனவன் எங்கோ பஸ் ஸ்டாண்டில் அநாதையாகச் செத்துக் கிடந்தான்.

அவள் ஏட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"உத்தண்டு உங்களுக்கு எத்தன நாளு சேதி சொன்னான்?"

ஏட்டு யோசித்தார். "உத்தண்டா? அப்படி யாரும் எங்களுக்குத் தெரியாதேம்மா. நீங்கதான் பாட்டுலயே சொல்லிருவியளே."

சிரித்தார். சத்தியமாகப் பாராட்டுகிறார்.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தன் வாயே தனக்கு நாறியது. அந்த வாயோடுதான் மேடை ஏறினாள்.

குரல் பிசகவில்லை. பிச்சம்மா, அந்தோணியா என்று வீடு வீடாகப் பாடி வந்தாள். முன்வரிசையில் பழைய தோழர்கள் தாளத்துக்குக் கை தட்டினார்கள்.

பதினோரு வீடும் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

உத்தண்டு வீட்டுத் தண்ணீர் என்று பாடினாள்.

கைதட்டல் நின்றது.

அதே வரியை இன்னொரு தடவை பாடினாள்.