தார்ப்பாய் போடக் கூடாத வீடு

மலைக்கிராமமான நாகலூரில், கூரை ஏறாத தன் வீட்டுக்குள் புவனேஸ்வரி குடை பிடித்து நிற்கிறாள். மழை நடுக்கூடத்தில் சடசடக்கிறது. முழுப்பணமும் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்ட காண்ட்ராக்டர் சத்யராஜ் மேல் வழக்குப் போட்டிருக்கிறாள். வேலை நின்ற நிலையைக் கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து பார்த்துக் குறிக்கும்வரை எதையும் தொடக் கூடாது, தார்ப்பாய்கூடப் போடக் கூடாது என்பது அவள் வக்கீலின் கட்டளை. பூசாத சுவர் ஊறி, செம்மண் நிறத்தில் தண்ணீர் அவள் கால்விரல்களுக்கிடையே வழிகிறது. வாசலில் பைக்கை நிறுத்துகிறார் சத்யராஜ். “ஏனுங்கக்கா, ஊட்டுக்குள்ளயே குடையா? கேஸ வாபஸ் வாங்குங்க, நாளைக்கே ஷீட்டுப் போட்டுத் தர்றன்.” “கமிஷனர் வந்துட்டிருக்காருங்க. நில்லுங்க, நனைஞ்சுகிட்டே பேசலாம்.” “அவரு மூடுபனிக்குப் பயந்து பாதி மலையிலயே திரும்பிட்டாருங்க. இப்பத்தான் எங்க வக்கீல் சொன்னாரு.” பைக் சத்தம் சரிவில் இறங்கி மறைகிறது. சுவர் உச்சியிலிருந்து ஒரு செங்கல் கழன்று அவள் காலடியில் விழுகிறது. எடுக்கக் குனிந்தவள், தொடாமலேயே நிமிர்கிறாள்.