கௌதாரி குடித்த தண்ணீர்

கௌதாரியின் ஒரே குஞ்சைக் கீரி தின்றுவிட்டது என்று வழக்கு. கீரியின் வளை வாசலில் ஒரு சின்ன இறகு கிடந்தது. காற்று கொண்டுவந்திருக்கும் என்றது கீரி. நடுவர்களாக உட்கார்ந்த ஏழு பேரும் மூன்று நாள் பேசி, சாட்சி போதவில்லை என்று கீரியை விடுவித்தார்கள்.

தீர்ப்பானதும் இரு தரப்பும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும். குடிக்க மறுத்தால் தீர்ப்பு செல்லாது. பாதிக்கப்பட்டவர் தாமே பழிதீர்க்கலாம். அது அந்தக் காட்டு வழக்கம்.

"உன் பிள்ளையைத் தின்னு வயிறு நிறைஞ்சவனோடயா தண்ணி குடிக்கப் போறே?" என்றது காகம். "வேணாம்க்கா. எல்லாருமாப் போய் அவன் வளையை மூடிடுவோம்."

"அவன் செய்யாம இருந்தா?"



கௌதாரி குளத்தில் இறங்கிக் குடித்தது. பக்கத்தில் கீரியும் குடித்துவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் திரும்பியது.

"கொஞ்சம் நில்லுப்பா," என்றது கௌதாரி. "தீர்ப்பை ஏத்துக்கிட்டேன். இனி நீ எது சொன்னாலும் வழக்கு இல்ல. அன்னிக்கு நான் இரை தேடப் போயிருந்தேன். என் பிள்ளை அதுவரைக்கும் வாய் திறந்து என்னைக் கூப்பிட்டதே இல்ல. உன் காதுல விழுந்திருந்தா, எப்படிக் கூப்பிட்டதுன்னு மட்டும் சொல்லு."