இருட்டறையில் குடம் இல்லை

அந்தோணிராஜ் எழுந்து வாயைத் திறந்ததுமே அவளுக்குத் திக்கென்றது.

அது அவனுடைய கேள்வி இல்லை.

"இருட்டறையில் குடம் இல்லை என்று ஒருவர் சொன்னால், அதை நம்பலாமா?"

கணீரென்று கேட்டுவிட்டு, கடமை முடிந்த முகத்தோடு உட்கார்ந்தான். பாவி.

அவளுடைய முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்பதில்லை என்பது நடைமுறை. அரங்கம் ஊமையாக இருந்தால் ஆய்வாளருக்கு மரியாதைக் குறைவு. அதனால் வேண்டியவர்களுக்கு ஆளுக்கொரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்து உட்கார வைப்பார்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளருக்கும் இது தெரியும். அவரும் ஒரு காலத்தில் இப்படித்தான் தேறியிருப்பார்.

குடம் கேள்வி அவள் கணவனுக்குக் கொடுத்தது.

நாச்சிமுத்து உடுமலையில் மோட்டார் பம்பு விற்பவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தத்துவத் துறை வராந்தாவில் நின்று, போனில் தினமும் அவனை உருப்போட வைத்தாள். இருட்டறை. குடம். நம்பலாமா. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அந்தோணிராஜுக்குத் தன் கேள்வி மறந்து இதுதான் மண்டையில் ஏறியிருக்கிறது. கூடப் படிக்கிறவன், நல்ல பையன். என்ன சொல்லித் திட்டுவது?

பதில் சொன்னாள்.

ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி அறிகிறோம். அதுதான் அவள் ஆய்வு. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்கிற இடத்தில்தான் இல்லை என்று சொல்ல முடியும். இருட்டில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பாள்.

இந்தப் படிப்புக்காகத்தான் கட்டியவனை ஊரில் விட்டுவிட்டுச் சென்னை விடுதிக்கு வந்தாள். வருடங்கள் ஓடிவிட்டன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊர். எப்போது வருவாய் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. முதலில் அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. பிறகு வலித்தது. கேட்காதவனுக்கு நாம் தேவையே இல்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். ஆய்வு நெறியாளர் சென்னையிலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இன்று மாலை சரி என்று சொல்லிவிடுவதாக இருந்தாள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

நாச்சிமுத்து எழுந்து நின்றான்.

உட்காருங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் இந்தப் பக்கம் பார்த்தால்தானே? இருந்த ஒரே கேள்வியும் பறிபோன மனிதன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

யாரோ சிரித்தார்கள்.

"ஒருத்தரு ஊட்டுல இல்லீங்க ஐயா," என்றான், தேர்வாளரைப் பார்த்து. "இல்லைன்னு நல்லாத் தெரியும். ஆனா சாயங்காலம் கதவைத் தொறந்தா, சன்னலோரம் உக்காந்து படிக்கறாப்லயே இருக்குதுங்க. தெனமும் இருக்குதுங்க. அதுக்கு இந்தப் படிப்புல என்னங்க பேரு?"

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

நெறியாளர் நிம்மதியாகத் தலையாட்டினார். சுலபமான கேள்வி. கயிற்றைப் பாம்பென்று பார்ப்பதுபோல, இல்லாததை இருப்பதாகப் பார்த்தால் அது பிரமை. நான்காம் இயல் முழுக்க அதுதான். ஒரே சொல். சொல்லிவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

அந்த ஒரு சொல் அவள் வாயில் வரவில்லை.

தினமும் என்றானே.

அத்தனை வருடமும் அவன் கேட்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அவனுக்குள் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னவள் அவள். ஒரு விளக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல். இவளுக்குப் பட்டம் வேறு!



தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பதில் சொல்லும்மா என்றார்.

"பேரு இருக்குதுங்க," என்றாள், கடைசி வரிசையைப் பார்த்து. மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது. "சொல்ல மனசு வரலீங்க. அந்த ஒருத்தருக்கும் இங்க அப்படித்தானுங்க இருந்துச்சு. ரூம்புக் கதவைத் தொறந்தா, கட்டில்ல காலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க."

நாச்சிமுத்து மெதுவாக உட்கார்ந்தான். தலை நிமிரவே இல்லை.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆய்வேட்டை எடுத்தார். இந்தப் பதில் எந்த இயலில் வருகிறது என்று பக்கம் பக்கமாகத் தேடத் தொடங்கினார்.

தேடட்டும்.