காலைத் துளி

தணிகை பல் துலக்கினான். பால் காய்ச்சினான். விளையாட்டுக் கருவியின் ஊசியில் விரலைக் குத்தி ஒரு துளி ரத்தம் கொடுத்தான்.

திரையில், விண்கலத்துக்குள், அவன் மனைவி இசைவாணி அந்த விளையாட்டில் ஏற்று ஆடிவந்த பாத்திரம் கண் திறந்தது. அதற்கு ரத்தக்காட்டேரி நோய் வேண்டுமென்று ஆசையாகத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். ஒருநாள் ரத்தம் தராவிட்டால் அது அழிந்துவிடும். இசைவாணி இறந்து எட்டு மாதமாகியும் அது அவள் குரலிலேயே பேசியது.

“கஞ்சப்பயலே, ஒரு சொட்டுதானா? உன் பொண்டாட்டிக்குப் பசிக்குதுடா.”

அவன் சிரித்தபடி, இன்னும் மரத்துப்போகாத இடது சுண்டுவிரலையும் நீட்டினான்.

ஆஸ்பத்திரியில் இசைவாணி கடைசியாக நிஜமாகவே சொன்னது வேறு:

“நான் போனதும் அதைப் பட்டினி போட்டுக் கொன்னுடு தணிகை. என் குரல்ல அது உன்னைக் கொஞ்சக்கூடாது. சத்தியம் பண்ணு.”