ஐந்து மணிக்குள் ஒரு பக்கம்

வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க்கின் முதல் கட்டளையை மறுபடி அடித்தாள் மருமகள். கறுப்புத் திரையில் மறுபடியும் சிவப்பு எழுத்துகள். மாமியார் வைத்த கெடுவுக்கு இன்னும் பத்தே நிமிடம்.

"மூணு மாசமா பொட்டியைத் தட்டிட்டிருக்கே. அஞ்சு மணிக்குள்ள ஒரு பக்கமாவது காட்டு. இல்லேன்னா படிப்பை மூட்டை கட்டிட்டு பழைய வேலைக்கே போயிடு!" காலையில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, முன்னாடி இருக்கிற டாலர் குறியையும் சேர்த்து அடிச்சியா? அது பாடத்துல சும்மா அடையாளத்துக்குப் போட்டிருக்காங்க. அதை எடுத்துடு."

எடுத்தாள். கட்டளைகள் ஒவ்வொன்றாக ஓடின. பிரௌசரில் அவளுடைய முதல் பக்கம் திறந்தது! மேலே இருந்த முகவரியை அப்படியே மாமியாருக்கும் தம்பிக்கும் அனுப்பினாள்.

சரியாக ஐந்து மணிக்கு மாமியாரின் போன்.

"பார்த்தேன்டி. அந்த நீலக் கலர் கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி! இவளுக்கும் காட்டினேன், வாயைப் பிளந்துட்டா. நீ படிச்சு முடி. அடுப்படியை நான் பார்த்துக்கறேன்."

"ரொம்ப தேங்க்ஸ், அத்தை!"

வைத்ததும் தம்பி அழைத்தான்.

"அக்கா, நீ அனுப்பினது திறக்கலை. திறக்காது. அந்த முகவரி உன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வேலை செய்யும். வேற யாராலயும் பார்க்கவே முடியாது."

"போடா! அத்தை பார்த்தாங்களே!"

"சான்ஸே இல்லை."

திரையைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. நீலம் மருந்துக்கும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக அதை நீலமாக்க உட்கார்ந்தாள்.